செஸ்ஸில் முதல் நகர்த்தலே 'பி3': லாபமில்லாத தொடக்கத்தை ஏன் ஆடுகிறார்கள்?

வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் முதலில் என்ன செய்வார்? பெரும்பாலும் ராஜா அல்லது ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். நடுப்பலகையைப் பிடிக்கத்தான். ஆனா ஹிகாரு நகமுரா போன்றவர்கள் பிளிட்ஸ் ஆட்டங்களில் சில சமயம் இடது ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார்கள். இதுதான் 'பி3'. நிம்சோ-லார்சன் தாக்குதல் என்று பெயர்.

இதுல என்ன கணக்கு? அடுத்து பிஷப் பி2 கட்டத்துக்கு வந்து, மூலைவிட்டத்தில் நடுப்பலகையைக் குறிவைக்கும். எதிராளி இ5-ல் சிப்பாயை வைத்தால் அதுவே இலக்கு. அதைக் காக்க அவர் குதிரையை சி6-க்குக் கொண்டுவருவார். வெள்ளை இ3 ஆடி, இன்னொரு பிஷப்பை பி5-க்கு அனுப்பி அந்தக் குதிரையை மிரட்டும். அதாவது, 'நடுப்பலகையை நீயே வச்சுக்கோ, காப்பாத்த முடியுதான்னு பார்க்கலாம்' என்கிற பேரம்.

கம்ப்யூட்டரைக் கேட்டால், முதலில் ஆடுபவருக்குக் கிடைக்கும் சின்ன முன்னிலைகூட இதில் கிட்டத்தட்ட போய்விடும். அப்புறம் ஏன்? பிரபல தொடக்கங்களில் 20 நகர்த்தல் வரைகூட மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பெரிய வீரர்கள் வருகிறார்கள். பி3 வந்தால் அந்தத் தயாரிப்பில் பெரும்பகுதி வீண். மூணு நிமிட பிளிட்ஸில் எதிராளி 20 விநாடி யோசித்தாலே லாபம்தான்.

ஆனால், நிதானம் தப்பினால் அடி பலமாக விழும். 1970-ல் பெல்கிரேடில் சோவியத் யூனியனும் உலக அணியும் மோதின. முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன், உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிராக பி3 ஆடினார். நான்காவது நகர்த்தலில் வெளியே வந்த அவரது குதிரையை ஸ்பாஸ்கியின் சிப்பாய் உடனே விரட்டியது. தொடர்ந்து மூன்று முறை நகர்ந்த அந்தக் குதிரை, கடைசியில் இன்னொரு குதிரைக்கு மாற்றாகப் பலகையை விட்டே போனது. அதற்குள் ஸ்பாஸ்கியின் காய்கள் களமிறங்கிவிட்டன. லார்சனின் ராஜாவோ நடுவிலேயே மாட்டிக்கொண்டார். 14-வது நகர்த்தலில் ஸ்பாஸ்கி யானையையே பலி கொடுத்தார். 17 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

பழி முழுவதும் பி3 மேல் விழுந்தது. அது நியாயமில்லை, காலத்தை வீணாக்கியது அந்தக் குதிரைதான். அதே போட்டியில் இரண்டாவது பலகையில் ஆடிய பாபி ஃபிஷருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். வழக்கமாக இ4 மட்டுமே ஆடும் அவர், அதே ஆண்டு பால்மா இன்டர்சோனலில் பி3 ஆடி பிரேசிலின் மெக்கிங்கை வீழ்த்தினார்.