வரிக்கு ஊழியன், உரிமைக்கு அந்நியன்!

ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே வேலை. வரி வாங்க வரும்போது, "நீ ஊழியனப்பா, ஊழியனுக்குரிய வரியைக் கட்டு" என்கிறது சர்க்கார். "அப்படியானால் ஊழியனுக்குரிய விடுமுறை ஊதியத்தைத் தாருங்கள்" என்று அவன் கேட்டாலோ, "யாரப்பா நீ? எங்கள் ஊழியர் பட்டியலில் உன் பெயரே இல்லையே!" என்கிறது அதே சர்க்கார். கதையல்ல, தோழர்களே! பாராளுமன்றங்களின் தாய்வீடு என்று போற்றப்படும் பிரிட்டனில், 2017 ஏப்ரல் 6 முதல் பொதுத்துறைப் பணிகளை ஒப்பந்தத்தில் செய்வோர்மீது நடைமுறையில் உள்ள சட்டம் இது. 'ஐ.ஆர். 35' என்பது அதற்கு வழங்கும் பெயர். அந்நாட்டு மருத்துவமனைகளிலும் கணினிக் கூடங்களிலும் நம்மவரும் பணியாற்றுகின்றனர்; ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தியுமன்று.

சட்டம் பிறந்த காரணத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஊழியனாக விடைபெற்றுச் சென்றவர், திங்கட்கிழமை காலை தமது 'ஒற்றை ஆள் கம்பெனி'யின் பெயரால் அதே நாற்காலியில் வந்து அமர்வார். சம்பளம் என்று சிறு தொகை, பங்கு ஆதாயம் என்று பெருந்தொகை எடுத்துக்கொள்வார். தேசியக் காப்பீட்டுக்குச் செல்லவேண்டிய பணம் அவர் பையிலேயே தங்கிவிடும். இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் 1999 மார்ச்சில், கார்டன் பிரவுன் நிதி அமைச்சராக இருந்தபோது, வரவுசெலவுத் திட்ட நாளில் வருமானவரித் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையின் எண் 35. அதுவே சட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. 2000 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

வந்தும் பயன் என்ன? 2012-ல், மாணவர் கடன் நிறுவனத்தின் தலைமை அதிகாரியே தனிக் கம்பெனியின் வழியாக ஊதியம் பெற்றது அம்பலமாயிற்று. தேடிப் பார்த்தபோது, மேல்நிலைப் பொதுப் பணியில் இருந்தோருள் 2,000-க்கும் மேற்பட்டவர் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்தனர்! வேடமிட்டவரைக் கண்டிக்கிறோம், வன்மையாகவே கண்டிக்கிறோம். ஆனால் அந்த வேடத்தை ஏற்று, காசோலை எழுதிக் கொடுத்தவர் யார்? சர்க்கார் இலாகாக்கள் அல்லவா? ஊழியன் என்று பதிவு செய்தால் முதலாளி கட்டவேண்டிய காப்பீட்டுப் பங்கு உண்டு, விடுமுறை உண்டு, ஓய்வூதியம் உண்டு. அத்தனையும் மிச்சம் என்று கணக்குப் பார்த்த கை எது?

அந்தக் கையிடமே 2017-ல் தராசைக் கொடுத்தனர். அதுவரை, தாம் ஊழியரா அல்லரா என்பதை ஒப்பந்தக்காரரின் கம்பெனி முடிவு செய்துவந்தது. 2017 முதல், வேலை வாங்கும் மருத்துவமனையும் நகர மன்றமும் இலாகாவும் முடிவு செய்யவேண்டும். தவறினால் வரிச்சுமை அவற்றின் தலைமேல் விழும் என்றாயிற்று. அச்சம் பிடித்த அதிகாரி என்ன செய்வார்? ஆளைப் பார்த்து, பணியைப் பார்த்து, ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட்டு, "எல்லோரும் ஊழியரே" என்று ஒரே முத்திரையைக் குத்துவார். தேசிய சுகாதார சேவையின் மேற்பார்வை அமைப்பே தற்காலிக மருத்துவர் விஷயத்தில் அப்படி ஒரு வழிகாட்டுதலை அனுப்பிவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது.

இந்தத் தராசைப் பிடிக்க வரித்துறை ஒரு கணினிக் கருவியையும் கொடுத்தது. கேள்விகளுக்கு விடையளித்தால் அது தீர்ப்புச் சொல்லுமாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கேள்வியாளருக்கு அது சொன்ன தீர்ப்பு: "முடிவு செய்ய இயலவில்லை."

சட்டம் இயற்றிய சர்க்காராவது சட்டத்தைப் புரிந்துகொண்டதா? பணி மற்றும் ஓய்வூதிய இலாகா தவறாக முடிவு செய்ததற்காக 8 கோடியே 79 லட்சம் பவுன் வரித்துறைக்குக் கட்ட நேர்ந்தது. உள்துறையும் தப்பவில்லை. மத்திய சர்க்காரின் இலாகாக்களும் அமைப்புகளும் 2020-21-ல் இந்த வகையில் கட்டிய, கட்டவேண்டிய தொகை 26 கோடியே 30 லட்சம் பவுன்! மக்கள் பணம், ஒரு சர்க்கார் பையிலிருந்து மற்றொரு சர்க்கார் பைக்குச் சென்றது. இத்தனை இலாகாக்களும் வழுக்கி விழுந்த இடத்தில், தனி ஆள் எப்படி நிற்பான்? இன்னொரு கூத்தும் உண்டு. இலாகா தவறினால், அந்த ஆள் தன் பங்குக்கு ஏற்கெனவே கட்டியிருந்த வரியைக் கழிக்காமல், முழுத் தொகையும் மறுபடி கேட்கப்பட்டது. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி! அந்த அநீதியை நீக்க 2024 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவு தவறென்று தொழிலாளி முறையிட எங்கே செல்வான்? 2021-ல்தான் ஒரு வழி வகுத்தனர். முறையீட்டை முடிவு செய்தவரிடமே கொடுக்கவேண்டும். அவர் 45 நாளில் பதில் சொல்வார். அடித்தவனிடமே அழுது முறையிடும் ஏற்பாடு! அதற்கும் மனமின்றி, 'குடைக் கம்பெனி' என்னும் இடைத்தரகரிடம் தஞ்சம் புகுவோர் பலர். அங்கே, முதலாளி கட்டவேண்டிய காப்பீட்டுப் பங்கும், 2025 ஏப்ரல் முதல் 15 சதவிகிதம், பேசிய கூலியிலிருந்தே கழிகிறது. பெயர் குடை, நனைவதோ அடியில் நிற்பவன்.

"வரிச் சட்டம் வேறு, தொழிலாளர் சட்டம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்" என்பர் சட்ட வல்லுநர். குழப்பியவர் யார்? ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் கம்பெனியின் வழக்கை எடுத்துக்கொள்வோம். லாரி ஓட்டுநர் ஒருவர். கம்பெனியின் வண்ணம் பூசிய லாரி, கம்பெனியின் சீருடை, கம்பெனியின் கட்டளை. ஆனால் லாரியைச் சொந்தமாக வாங்கிப் பேணும் பொறுப்பு அவருடையது. ஊழியரல்லர், தனித் தொழில் செய்பவர் என்றார் நீதிபதி. 1968-ல் சட்ட ஏடுகளில் பதிவான அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல்களையே, தானே வேலை செய்தாகவேண்டுமா, யாருடைய கட்டுப்பாட்டில் என்பவற்றையே, தொழிலாளர் வழக்குகளிலும் பார்க்கின்றனர், ஐ.ஆர். 35 வழக்குகளிலும் பார்க்கின்றனர். அளவுகோல் ஒன்றாக இருக்க, அளந்து சொல்லும் கணக்கு மட்டும் இரண்டாவது எப்படி? கம்பெனி என்னும் திரையை விலக்கி, "உள்ளே இருப்பவன் ஊழியனே" என்று வரிக்காகக் கண்டுபிடிக்கும் கண்கள், உரிமை என்றதும் ஏன் மூடிக்கொள்கின்றன?

2022 செப்டம்பர் 23-ல் நிதி அமைச்சர் குவாசி குவார்டெங் 2017, 2021 மாற்றங்களை ரத்துச் செய்வதாக முழங்கினார். அவர் பதவி போயிற்று. அடுத்து வந்த ஜெரமி ஹன்ட் அக்டோபர் 17-ல் அந்த ரத்தையே ரத்துச் செய்தார். ரத்து என்பது ஏமாற்றுக்காரருக்குக் கதவைத் திறப்பது. நாம் அதைக் கேட்கவில்லை. 2024-ல் பதவியேற்ற தொழிற்கட்சி, தொழிலாளருக்கு ஒரே தகுதி என்ற பேச்சைத் தேர்தலுக்கு முன் எடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கொண்டுவந்த தொழிலுரிமை மசோதாவில் அது இல்லை.

இருக்கவேண்டியது ஒரே ஒரு விதிதான்: எந்த நாளில் ஒரு பொது நிறுவனம் ஒருவனை வரிக்காக ஊழியன் என்று எழுத்தில் அறிவிக்கிறதோ, அந்த நாள் முதல் விடுமுறைக்கும், நோய்க்கால ஊதியத்துக்கும், ஓய்வூதியத்துக்கும் அவன் ஊழியன். நிறுவனத்துக்கு அது கசந்தால், பொய் முத்திரை குத்துவதை நிறுத்தட்டும். வரித்துறையிலேயே ஒப்பந்தப் பணி செய்து, இந்தச் சட்டத்தின்கீழ் ஊழியராக்கப்பட்ட ஒருவர், விடுமுறை ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2018-ல், தீர்ப்பு வருமுன்பே பணம் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள்.