‘கலைக்கு நிறமில்லை’ என்பவர்களின் கவனத்திற்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பறை குறித்துக் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்தார். “அமெரிக்காவைப் பாருங்கள். ஜாஸ் கறுப்பர்களின் இசைதான். இன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் பள்ளி பள்ளியாகத் திரண்டு வந்து ஜாஸ் விழாவில் வாசிக்கிறார்கள். அங்கே யாரும் நிறம் பேசுவதில்லை. நீங்கள்தான் இன்னும் பறையோடு சாதியை ஒட்டி வைத்திருக்கிறீர்கள்” என்றார். அரங்கு கைதட்டியது. நேரமில்லை என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அன்று சொல்ல முடியாத பதில் இது.

அவர் சொன்னது போன்ற விழா உண்மையிலேயே இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிறு நகரம். அங்குள்ள ஐடஹோ பல்கலைக்கழகம் 1967-இல் தொடங்கிய மாணவர் ஜாஸ் விழா, அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பகலில் பள்ளி, கல்லூரிக் குழுக்கள் வாசிக்கும். தேர்ந்த கலைஞர்கள் கேட்டுத் திருத்துவார்கள். இரவில் அந்தக் கலைஞர்களின் கச்சேரி. 2007-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசியக் கலைப் பதக்கம் இவ்விழாவுக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த விழாவின் பெயரைப் பேராசிரியர் சொல்லவில்லை. அதன் பெயர் லயனல் ஹாம்ப்டன் ஜாஸ் விழா. ஹாம்ப்டன் 1908-இல் பிறந்த கறுப்பினக் கலைஞர்; வைப்ரஃபோனை ஜாஸ் மேடையில் நிலைநிறுத்தியவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதே துணிச்சலாக இருந்த 1936-இல், பென்னி குட்மேன் என்ற வெள்ளையரின் நால்வர் குழுவில் சேர்ந்து வாசித்தவர். 1985-இல் விழாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1987-இல் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். அவர்கள் நிறத்தை மறந்துவிட்டு ஜாஸ் வாசிக்கவில்லை, அய்யா. கறுப்பர் ஒருவரின் பெயரை வாசலில் எழுதிவிட்டு வாசிக்கிறார்கள்.

அது நடந்த இடமும் காலமும் முக்கியம். அதே வடக்கு ஐடஹோவில், ஹேடன் ஏரிக்கு அருகே, அதே ஆண்டுகளில் ‘ஆரியன் நேஷன்ஸ்’ என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் முகாம் போட்டிருந்தது. ‘ஆரியன்’ என்ற சொல் நமக்கொன்றும் புதிதல்ல. அந்தக் கூட்டத்தின் காவலர்கள் ஒரு தாயையும் மகனையும் துரத்திச் சுட்டுத் தாக்கினார்கள். அந்த வழக்கில் 2000-இல் நீதிமன்றம் 63 லட்சம் டாலர் இழப்பீடு விதித்த பிறகுதான் அந்த முகாம் கைமாறியது. இதைத்தான் நிறம் பேசாத ஊர் என்கிறார்கள்!

பெயர்ப்பலகை மட்டும் போதுமா? போதாது. வடக்கு டெக்சாஸில் ஒரு கல்லூரி 1947-இலேயே ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஜாஸ் என்ற சொல் இழிவாகக் கருதப்பட்டதால் ‘நடனக் குழு இசை’ என்று பெயர் வைத்தார்கள். அந்த இசையை உருவாக்கிய மக்களின் பிள்ளைகள் அங்கே இளநிலைப் படிப்பில் கால் வைக்க, நீதிமன்றத் தீர்ப்பும் 1956-ஆம் ஆண்டும் வரவேண்டியிருந்தது. இசைக்குக் கதவைத் திறந்தார்கள், இசைத்தவனுக்கு அடைத்தார்கள். கலைக்கு நிறமில்லை என்ற பேச்சின் உண்மையான பொருள் இதுதான். இன்றைக்கும் கருவி, தனிப்பயிற்சி, பயணச் செலவு எல்லாம் வசதியுள்ள பள்ளிக்கே எளிது. ஹாம்ப்டன் பெயரிலான மேடையில் எத்தனை கறுப்பினப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்ற கேள்வியை அங்கும் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது பறைக்கு வருவோம். என் தாத்தா பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கூலியைத் தெருவில் நின்றுதான் வாங்குவார். என் அப்பா பறையைத் தொடவே மறுத்தார். அந்த மறுப்பும் போராட்டம்தான். மூன்றாம் தலைமுறையில் நான் அதை ஆராய்கிறேன். பறையில் சாதியை ஒட்டியது எங்கள் குடும்பமா?

இன்று கல்லூரி விழாக்களில் பறை அதிர்கிறது. மகிழ்ச்சி. ஆனால் மேடையில் அடிப்பது ‘நாட்டுப்புறக் கலை’, சேரியில் அடித்தால் ‘சாவு மேளம்’ என்றால், நீங்கள் தோலை எடுத்துக்கொண்டு உயிரை வெளியே நிறுத்துகிறீர்கள் என்று பொருள்.

பேராசிரியரே, உங்கள் எடுத்துக்காட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். ஐடஹோவைப் போலவே செய்யுங்கள். உங்கள் துறையின் வாசலில் ஒரு பறைக் கலைஞரின் பெயரை எழுதுங்கள். பட்டம் கேட்காமல் அவரை ஆசிரியராக அமர்த்துங்கள். பிறகு ஐடஹோ இன்னும் செய்து முடிக்காததையும் செய்யுங்கள்: அவருடைய பேத்திக்கு வகுப்பில் இடமும் உதவித்தொகையும் கொடுங்கள். அவள் பறையை எடுப்பாளா, இயற்பியல் படிப்பாளா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அதற்குப் பிறகு கலைக்குச் சாதி உண்டா இல்லையா என்று பேசலாம். அன்று நானும் உங்களோடு சேர்ந்து கைதட்டுகிறேன்.