கன்றுக்குச் சீம்பால்! பிள்ளைக்குக் கழுதைப்பாலா?

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் மாடு கன்று போட்டால், கன்று தள்ளாடி எழுந்ததும் அதைப் பிடித்து மடியில் விட்டுச் சீம்பாலைக் குடிக்க வைப்பார்கள். அதற்கு ராகுகாலம் பார்ப்பதில்லை, சோதிடனைக் கூப்பிடுவதுமில்லை. அவ்வூரில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பே குடியானவனுக்குத் தெரிந்த சங்கதி இது. மிஞ்சிய சீம்பாலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வீட்டார் தின்பதும், அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும் உண்டு.

ஆனால் அப்படிப்பட்ட வீட்டிலேயே மருமகள் பிள்ளை பெற்றால் நடப்பதென்ன? அவள் சீம்பால் மஞ்சளாய், கெட்டியாய் இருக்கிறதாம். ஆகவே கெட்ட பாலாம். அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீரையும், தேனையும், தெருவில் கூவி விற்கிற கழுதைப்பாலையும் பச்சைக் குழந்தையின் வாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டின் சீம்பால் பலகாரம். மனுஷியின் சீம்பால் அசிங்கம்! சீர்காழியில் அம்மன் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாலுக்கு மட்டும் வருஷந்தோறும் திருவிழா!

அந்த மஞ்சள் பாலில் இருப்பதுதான் என்ன? பிறந்த குழந்தையின் குடல் கிருமிகளோடு பழகாத குடல். தாயோ அந்த வீட்டுத் தண்ணீரையும் சோற்றையும் உண்டு வருகிறவள். அவள் குடல் சந்தித்த கிருமிகளை அடையாளம் கண்டுகொண்ட உயிரணுக்கள் இரத்தத்தின் வழியாய் மார்புக்கு வந்து, இம்யூனோகுளோபுலின்-ஏ என்னும் புரதத்தைப் பாலில் சேர்க்கின்றன. அது எளிதில் செரித்துப் போகாமல், குழந்தையின் குடற்சுவரில் கிருமி ஒட்டவொட்டாமல் தடுக்கிறது. லாக்டோஃபெரின் என்கிற மற்றொரு புரதம், கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைத் தான் பற்றிக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. பின்னால் வரும் பாலைவிடச் சீம்பாலில் இவை மிகவும் அதிகம். ஒரத்தநாட்டுக் கிருமிக்கு ஒரத்தநாட்டுத் தாயின் பாலிலேயே மாற்று இருக்க, அதைக் கழுதையிடமும் டப்பியிலுமா தேடுவது? குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்து கொல்லும் நோய், டப்பிப்பால் குடித்தவைகளைவிடத் தாய்ப்பால் குடித்தவைகளுக்குக் குறைவாகவே வருகிறது. தேனிலோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் கைகாலை விழச் செய்யும் கிருமியின் வித்து இருக்கக்கூடும்.

நிற்க, “இதெல்லாம் படியாத கிழவிகளின் வேலை” என்று படித்தவர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ நூற்றுக்கு 42 கூட இல்லை! ஆஸ்பத்திரிக்குள்ளுமா கிழவி போய்ப் பாலைப் பீய்ச்சினாள்? ஆபரேஷன் என்றால் தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் கிடத்திவிட்டு, டப்பிப்பால் சீட்டு எழுதுகிற டாக்டர்களும் உண்டல்லவா? டப்பிப்பால் விளம்பரத்தைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. சட்டம் வந்து என்ன?

பிரசவ அறை வாசலில் ஜாதகம் குறிப்பதற்காகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தகப்பன்மார்களைக் கேட்கிறோம்: ஐயா, அதே கடிகாரத்தைப் பார்த்து, “ஒரு மணி ஆவதற்குள் பால் கொடுத்தாயிற்றா?” என்று நர்ஸம்மாளைக் கேட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?