எந்த பட்டனும் உதவாத அறை

வீடியோ கேம்ல ஜெபத்தைப் பற்றி என்ன இருக்கப்போகுதுன்னு கேட்பீங்க. 2016இல் வந்த 'தட் டிராகன், கேன்சர்' விளையாட்டைப் பாருங்க. புற்றுநோயோடு போராடிய மகன் ஜோயலைப் பற்றி ரையன், ஏமி கிரீன் தம்பதியர் உருவாக்கியது. ஆஸ்பத்திரி அறையில் குழந்தை அழுதுக்கிட்டே இருக்கும். தூக்கினாலும், குடிக்கக் கொடுத்தாலும், எந்த பட்டனை அழுத்தினாலும் அழுகை நிக்காது. கடைசியில் அப்பா ஜெபிப்பார், குழந்தை தூங்கிடும்.

ஆனா நிஜத்தில் ஜோயல் 2014இல், 5 வயசில் இறந்துட்டான். "ஜெபம் பண்ணாங்களே, அப்புறம் ஏன்?"னு பிள்ளை கேட்டா, அவசரமா பதில் சொல்லாதீங்க. சங்கீதம் 88ஐச் சேர்ந்து வாசிங்க. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கைப் பக்கம் திரும்பிடும். இது இருட்டிலேயே முடியுது. அதையும் ஜெபமாத்தான் வேதம் வெச்சிருக்கு.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு வேண்டாம். பெரியவங்கன்னா, நீங்களும் பக்கத்துல உட்காருங்க.