சாவியைத் திருப்பினால் ஜப்பான் பேசும்

சித்தப்பாவின் வானில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் பேசும். ஜப்பானிய மொழி. ஆறு வருஷமா அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா மட்டும் "சரிங்கம்மா"ன்னு மரியாதையாப் பதில் சொல்லிட்டு வண்டியை எடுப்பார்.

டாஷ்போர்டுக்கு நடுவில் பெரிய திரை, அதில் ஒரு சிவப்பு அம்புக்குறி. அம்பைச் சுற்றி வீதி இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. பசறையிலிருந்து பதுளைக்கு வளைந்து வளைந்து இறங்கும்போது அம்பும் விடாமல் திரும்பிக்கொண்டே இருக்கும், வெறும் வெளிக்குள்ளே. அந்தத் திரை எங்கள் வானில் செய்யும் ஒரே வேலை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின போனுக்கு முதுகு கொடுப்பதுதான்.

இது எங்க வான் கதை மட்டுமில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஹயர் வண்டிகளுக்குள் எட்டிப் பாருங்க, பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. உள்ளே இருக்கிற மேப் ஜப்பானுக்கு மட்டும் செய்தது. சிலதில் மேப் கார்டே இருக்காது, 'கார்டைப் போடு'ன்னு திரை கெஞ்சிக்கொண்டே இருக்கும் (அதுவும் ஜப்பானிய மொழியில்தான்). பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில செட் பாஸ்வேர்ட் கேட்டு மொத்தமாப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறந்து கொடுப்பதே இப்போ ஒரு தொழில். ரேடியோவும் இதே கதை. பழைய ஜப்பான் வண்டியில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். நம்ம ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே.

இவ்வளவு திட்டிவிட்டு ஒரு நியாயமும் சொல்லணும். காருக்குள்ளேயே வழிகாட்டியை வைத்துக் கட்டியது ஒரு காலத்தில் பெரிய கெட்டிக்காரத்தனம். 1981இல் ஹொண்டா கொண்டுவந்த கருவிக்குச் செயற்கைக்கோளே கிடையாது. சக்கரம் எவ்வளவு உருண்டது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் பார்த்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட மேப்பின் மேல் இடத்தைக் காட்டியது. 1990இல் மஸ்டா தன் கார் ஒன்றில் ஜி.பி.எஸ். வழிகாட்டியை உள்ளேயே பொருத்தி விற்றது. மேப் வண்டிக்குள்ளேயே இருப்பதால் டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம். பூனாகலை ரோட்டில் சிக்னல் செத்து, போன் திரையில் வட்டம் சுற்றும்போது நான் அந்தச் செட்டை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இலங்கை மேப் மட்டும் உள்ளே இருந்திருந்தால்!

ஆனால் இருந்திருந்தாலும் வண்டி செய்த வருஷத்தோடு அது உறைந்துதான் போயிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் நாட்டிலிருந்த வண்டிகளெல்லாம் கிழடாயின, உள்ளே இருந்த மேப்புகளும் சேர்ந்துதான். அதனால் போன் ஜெயித்தது. எங்க பக்கத்துச் சாரதிமாரைக் கேட்டால், "அந்தச் செட்டைக் கழட்டி வீசிட்டு ஆண்ட்ராய்டு செட் போடு, இல்லாட்டி போன் போதும்"னு ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கொழும்பில் ஓட்டுகிறவர்களுக்கு அது முழு உண்மையாக இருக்கலாம். எனக்குப் பாதி உண்மைதான்.

போன வருஷம் ஒரு மழை ராத்திரி அப்பாயிக்கு மூச்சு முட்டியது. சித்தப்பா கதிர்காமத்துக்கு ஹயர் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்கு அடித்தோம். கொஞ்ச நேரத்தில் சாரதி போனில் வந்தார், "தோட்டத்துக்கு வந்துட்டேன், நீங்க எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் நின்றது ஸ்டோருக்கு முன்னால். மேப்பில் எங்கள் தோட்டம் என்றால் அந்தத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுதான். எங்கள் லயம் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே, நடுவில் மூன்று இடத்தில் பாதை பிரியும், ஒரு போர்டும் கிடையாது. போன் காட்டிய குறுக்கு வழியோ கொழுந்து சுமந்து இறங்கும் நடைபாதை, வான் போகாது. அண்ணன் டார்ச்சோடு மழையில் ஓடினான். "முதல் மடுவத்தில் திரும்பாதீங்க, ரெண்டாவதுக்கு அப்புறம் அரச மரம்" என்று ஓடிக்கொண்டே சிங்களத்தில் கத்தினான். நாற்பது நிமிஷம் போனது. அப்பாயி பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் என் தலைமுடியைப் பார்த்துத் திட்டுகிறார். ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செயற்கைக்கோளின் மேல் பழி போட முடியாது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அன்றிலிருந்து அப்பாயியின் வாசல் எங்கே என்று அதற்குச் சில மீட்டர் வித்தியாசத்தில் தெரியும். பெயர்தான் தெரியாது. பெயர் போடுவது மனிதர் வேலை, எங்கள் இடத்துக்கு யாரும் போடவில்லை. கடிதத்திலும் இதே கதைதான். ஒரு டிவிஷனில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே முகவரி, தபால் ஆபீஸுக்கு வரும், அங்கிருந்து எப்போ கைக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். தோட்டத்துப் பாதைக்குப் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். யார் பாதை என்றே முடிவாகாத பாதைக்கு யார் போர்டு வைப்பது?

ஆக, ஜப்பான் செட்டும் போனும் எங்கள் வாசலில் ஒரே மாதிரித்தான் விழிக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படும் ஒரே வித்தியாசம், செட்டுக்குள் நான் எதையும் எழுத முடியாது, போன் மேப்பில் எழுதலாம். போன் நல்லது என்று நான் சொல்வது இதற்காக மட்டும்.

இதை பேட்ச் நண்பனிடம் சொன்னேன். "பெரிய கம்பனிக்கு ஓசியில வேலை பார்க்கச் சொல்றியா? நம்ம ஆளுங்க இருநூறு வருஷமா பார்த்தது போதாதா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் முதலில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் போட்டேன். 2004இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே இடத்துக்குத் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் தனித்தனியாகப் பெயர் எழுதலாம். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரியான ஆப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் ராத்திரி வருகிற சாரதி பார்க்கப்போவது பெரிய கம்பனி மேப்பை. அதனால் அதிலும் போட்டேன். ஒரு தரம் தள்ளுபடி ஆனது, மறுபடி அனுப்பினேன். அவன் சொன்னது தப்பென்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. அப்பாயிக்கு அதுவரை காத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

எந்தப் பெயரைப் போடுவது என்பதுதான் பெரிய சண்டை. கம்பனிப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர். நாங்கள் கூப்பிடுவது மேட்டு லயம், பணிய லயம், தொங்கல் லயம். 'லயம்' என்ற சொல்லே ஒழியணும், அதை ஏன் மேப்பில் ஏற்றுகிறாய் என்று அக்கா கேட்கிறாள். அவள் கோபம் எனக்குப் புரியுது. என் கட்சி வேறே: ஆபத்துக்குக் கத்தும்போது வாயில் எந்தப் பெயர் வருமோ அது முதலில் ஏறட்டும். நாளைக்குத் தனி வீடு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியும் என்பதுதானே போனின் பெருமை.

மாற்றத்தான் வேண்டியும் இருக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது எங்கள் மாவட்டத்தில் வீதிகள் அறுந்தன. எந்த ரோடு உயிரோடு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது சாரதிமார் வாட்ஸ்அப்பில் அனுப்பின குரல் செய்திகளால்தான்.

போன சனிக்கிழமை நானும் அத்தை பிள்ளைகளும் நடந்து போய் பதினொரு இடம் குறித்தோம்: ரெண்டு கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம், கோயில், தண்ணீர்ப் பீலி, லயங்கள். அரச மரத்துச் சந்தி மட்டும் பாக்கி. மேட்டு லயத்தார் அதை மாடசாமி முடக்கு என்கிறார்கள், பணிய லயத்தார் கடையடி என்கிறார்கள். அந்தக் கடை மூடிப் பல வருஷமாச்சு. தீர்ப்புக் கேட்டு இளைஞர் குரூப்பில் போட்டிருக்கிறேன். இதுவரைக்கும் எண்பத்து மூன்று மெசேஜ் வந்திருக்குது, அதில் மூன்று அப்பாயி பேசினது.