கொடியை மறைக்காதே!

அமெரிக்காவில் சிறுவரும் சிறுமியரும் ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. 'பிளாக் புட்பால்', அதாவது கொடிப் பந்து என்று அதற்குப் பெயர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கப் புட்பாலின் தம்பி அது.

அண்ணன் ஆட்டம் முரட்டு ஆட்டம். பந்தோடு ஓடுகிறவரை மோதிக் கீழே தள்ளுவார்கள். எலும்பும் முறியும். தம்பி ஆட்டத்தில் மோதக் கூடாது, தள்ளக் கூடாது. இடுப்பில் நீளமான பட்டைகள் தொங்கும். அவைதான் கொடி. ஓடும் பிள்ளையின் கொடியை உருவிவிட்டால் போதும். ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஓடும் பிள்ளைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடியைக் கையால் மறைக்கக் கூடாது. மறைத்தால் தண்டனை. வளைந்து நெளிந்து தப்பலாம். மறைத்துத் தப்பக் கூடாது. எவ்வளவு நல்ல பாடம்!

உருவிய கொடியை வீசி எறியாமல், உரிய பிள்ளையின் கையில் கொடுப்பதே பண்பு.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தைச் சேர்த்தது. அணிக்கு 5 பேர் ஆடுவார்கள்.

பிள்ளைகளுக்கு விதி இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு? தகப்பனார் நடுவரைத் திட்டினால், பிள்ளையும் நாளை திட்டுவான். மனச்சாட்சிதான் பெரியவர்களின் விதி.

ஆடிவிட்டு வரும் பிள்ளையிடம், "ஜெயித்தாயா?" என்றே எல்லோரும் கேட்கிறோம். "கொடியைத் திருப்பிக் கொடுத்தாயா?" என்று முதலில் கேட்போம்!