பீரோவைத் திறக்கணும்னா முதல்ல வாத்தியாரோட பயம் போகணும்

நண்பர்களே, வழக்கமா இந்த நேரத்துக்கு நம்ம பக்கத்துல மீமோ, தலைவர் பேச்சு கிளிப்போ வரும். இன்னைக்கு அதை ஓரமா வச்சுட்டு கொஞ்சம் நீளமான பதிவு. அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க.

நான் மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில படிச்சவன். எங்க பள்ளியில நூலகம் இருந்துச்சு. அதாவது, ஹெச்.எம். அறையில ஒரு பச்சை இரும்பு பீரோ இருந்துச்சு. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வர்றார்னு சொல்லி, பீரோவைத் திறந்து, வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டுப் புத்தகங்களைப் பரப்பினாங்க. ஆளுக்கு ஒண்ணு கொடுத்து உட்கார வச்சாங்க. என் கைக்கு வந்தது கிரகங்களைப் பத்தின ஒரு புத்தகம். செவ்வாய், வியாழன் எல்லாம் தாண்டி சனிக்கு எப்படி வளையம் வந்துச்சுன்னு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போயிட்டேன். அதிகாரியோட ஜீப் கிளம்புச்சு. புத்தகம் பீரோவுக்குப் போயிடுச்சு. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டுத் தர்றேன் சார்"னு கேட்டேன். "தொலைச்சுட்டா யாருடா கட்டுறது?"

ரொம்ப வருஷம் அந்த சார் மேல எனக்குக் கோபம். போன வருஷம் டீக்கடையில பார்த்தேன், ரிட்டயர் ஆயிட்டார். பேச்சுவாக்குல பீரோ கதையை எடுத்தேன். அவர் சிரிக்கல. "தம்பி, அதுக்கு முன்னாடி இருந்த பள்ளியில எட்டு வருஷம் நான்தான் நூலகப் பொறுப்பு. பிள்ளைங்களுக்குத் தாராளமா கொடுத்தேன். மாறுதல் வந்தப்போ இருப்புப் பதிவேட்டை வச்சு எண்ணிப் பார்த்தா 43 புத்தகம் குறையுது. கையிலிருந்து கட்டிட்டுத்தான் கிளம்ப முடிஞ்சுது. அதுக்கப்புறம் கொடுக்க எப்படிப்பா மனசு வரும்?"

எனக்குப் பதில் வரல. இத்தனை வருஷமா தப்பான ஆள் மேல கோபப்பட்டிருக்கேன்.

புத்தகம் இல்லைன்னு இங்க யாரும் சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே ஒவ்வொரு பள்ளியிலயும் நூலகம் இருக்கணும், அதுல நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாம் இருக்கணும்னு எழுதியிருக்கு. சமக்ர சிக்‌ஷா திட்டத்துல பள்ளியோட அளவைப் பொறுத்து 5,000 ரூபாய்ல இருந்து 20,000 ரூபாய் வரைக்கும் நூலக மானியம் உண்டு. நம்ம மாநிலத்துல ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருது. வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியில அழகழகா சின்னப் புத்தகங்கள் போட்டிருக்காங்க. (அந்தப் பேரு வச்சவங்களுக்கு ஒரு சல்யூட். யார் காலத்துல வந்ததுன்னு பார்த்துப் பாராட்டுற பழக்கம் எனக்கு இல்லை.)

ஆனா புத்தகம் பள்ளிக்கு வர்றது வேற, பிள்ளையோட பையில ஏறி வீட்டுக்குப் போறது வேற. எங்க அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. புத்தகம் வகுப்புக்கு வருமாம், பீரியட் முடிஞ்சதும் எண்ணி வாங்கிப்பாங்களாம். "பாதியில நிக்குது மாமா"ன்னு சொல்றா. அந்தப் பாதி எனக்குத் தெரியும்.

பெரும்பாலான அரசுப் பள்ளிகள்ல நூலகர்னு தனி ஆள் கிடையாது. தமிழ் டீச்சரோ, பி.டி. சாரோ, யாரோ ஒருத்தர் தலையில பொறுப்பைக் கட்டுறாங்க. புத்தகம் கொடுத்தா அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. கொடுக்காம பூட்டி வச்சா யாரும் ஏன்னு கேட்கப் போறதில்லை. கொடுத்துத் தொலைஞ்சா மட்டும் கேள்வி வரும். இப்படி ஒரு அமைப்பை வச்சுக்கிட்டு, "ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை"ன்னு மேடையில பேசுறது நியாயமா? நம்ம ஆளுங்களும்தான் பேசுறாங்க, அதனாலதான் இங்க எழுதுறேன்.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், ஆச்சரியப்படுவீங்க. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017, விதி 215. படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு வருஷத்துல அஞ்சு தொலைஞ்சா அது இயல்பான இழப்புன்னு எடுத்துக்கலாம், நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமா இல்லாத வரைக்கும். 1,000 ரூபாய்க்கு மேல விலை உள்ள புத்தகமோ, அரிய புத்தகமோ போனாத்தான் கட்டாயம் விசாரணை. டெல்லியில ஏ.சி. அறையில உட்கார்ந்து படிக்கிற பெரியவங்களுக்கே இந்தச் சலுகை. மழையில நனைஞ்சு, தம்பி தங்கச்சி கிறுக்கி, ஆடு மேயுற திண்ணையில கிடக்கிற புத்தகத்துக்கு எவ்வளவு கொடுக்கணும்? என்னைக் கேட்டா ஆயிரத்துக்கு இருபது.

எங்க சார் கணக்கையே போட்டுப் பாருங்க. எட்டு வருஷம். வருஷத்துக்கு ஆயிரம் தடவை கொடுத்திருந்தா, அந்த டெல்லி விதிப்படியே 40 போறது இயல்பு. மிச்சம் 3 புத்தகத்துக்கு வேணும்னா அவரை விசாரிச்சிருக்கலாம்!

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்லை. நெட்வொர்க்ல பாக்கெட் தொலையும், தொலையும்னு தெரிஞ்சேதான் வடிவமைக்கிறோம். ஒரு பாக்கெட்கூட தொலையக் கூடாதுன்னா ஒரே வழி, எதையும் அனுப்பாம இருக்கிறது. நம்ம பள்ளி பீரோக்கள் அப்படித்தான் ஓடுது. இழப்பு பூஜ்யம், வாசிப்பும் பூஜ்யம்.

இதுல என்ன கொடுமைன்னா, நூலகத்தைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்தவர் நம்ம டெல்டாக்காரர். சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931ல அவர் எழுதிய அஞ்சு விதிகள்ல முதலாவதே, புத்தகத்தைப் பாதுகாக்கிறதைப் பத்தினது இல்லை, பயன்படுத்துறதைப் பத்தினது. அதே 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார். ரோடு இல்லாத காலத்துல வண்டி கட்டிப் புத்தகம் கொடுத்த ஊர்க்காரன் நான், ஹெச்.எம். அறையிலிருந்து வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போக முடியல.

"போன்லயே எல்லாம் இருக்கே"ன்னு கமெண்ட் போடத் தயாரா இருக்கிற அண்ணன்களுக்கு: வீட்டுக்கு ஒரே போன், அது அப்பா சட்டைப் பையில வேலைக்குப் போயிடுது. அவ்வளவுதான் பதில்.

இன்னொண்ணு. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா இருக்கும். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். சுதந்திர இந்தியாவுல பொது நூலகத்துக்குன்னு முதல்ல சட்டம் போட்டது நாமதான், 1948ல. அந்தப் பணத்துல ஓடுற கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பல இடத்துல பள்ளியிலிருந்து நடந்து போற தூரம்தான். ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கிடையாது. அங்க இருக்கிற நூலகர் வாரத்துல ஒரு மதியம் பள்ளிக்கு வந்து புத்தகம் கொடுத்து வாங்கினா, தமிழ் டீச்சர் தலையிலிருந்து பாதி பாரம் இறங்கும். ஒரு பிள்ளைக்குக்கூட நூலகத்துல உறுப்பினர் அட்டை இல்லாத வகுப்பு இருக்கக் கூடாது.

பணம் பெருசா தேவைப்படாத கோரிக்கை இது. பள்ளி நூலகத்துக்குன்னு இழப்பு அளவை ஒரு தெளிவான அரசாணையா எழுதி, ஒவ்வொரு ஹெச்.எம். மேசையிலயும் வைக்கணும். பொறுப்பு ஆசிரியர் சம்பளத்துல கை வைக்க மாட்டோம்னு அதுல இருக்கணும். நம்ம கட்சி இதைச் சட்டமன்றத்துல பேசணும்னு மாவட்ட ஐ.டி. அணி மூலமா எழுதிக் கொடுத்திருக்கேன். ஆட்சி மாறின போதெல்லாம் அந்த பீரோ பூட்டியேதான் இருந்துச்சுங்கிறதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. முன்னாள் மாணவர்களுக்கும் அதுல இப்போ இடம் உண்டு. "பிள்ளைங்க வீட்டுக்குப் புத்தகம் எடுத்துட்டுப் போறாங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா யாரையும் திட்டாதீங்க. தொலைஞ்சா ஊர் பொறுப்புன்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க, கையெழுத்து போடுங்க. கட்சித் துண்டு வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

பதிலை ஒன்றியம் பேரோட கமெண்ட்ல எழுதுங்க. பள்ளிப் பேரோ ஆசிரியர் பேரோ போடாதீங்க, போட்டா நானே நீக்கிடுவேன்.

#பீரோவைத்_திறப்போம்